அம்மா அப்பாவோடு ஒரு நாள் பயணம்: நோர்ட்லிங்கன் சரிவருமா?

இசார்கரை (மியூனிக்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவும் அப்பாவும் திருச்சியிலிருந்து மூணு மாச விசாவுல வந்திருக்காங்க. மரியன்பிளாட்ஸ், நிம்ஃபன்பர்க் அரண்மனை, ஏரிக்கரை எல்லாம் காட்டியாச்சு. வர்ற சனிக்கிழமை ரயில்லயே போய், பொழுது சாயறதுக்குள்ள கிளம்பி வர்ற மாதிரி ஒரு பழைய சின்ன ஊருக்குக் கூட்டிட்டுப் போகணும். ஆபீஸ்ல யாரைக் கேட்டாலும் ரோதன்பர்க்னு சொல்றாங்க. ஒருத்தர் மட்டும் நோர்ட்லிங்கன் போங்க, விண்கல் விழுந்த குழிக்குள்ள ஊரே இருக்குன்னு சொன்னார். அதைக் கேட்டதுலேர்ந்து அப்பா அதே நினைப்பா இருக்கார்.

அப்பாவுக்கு 71 வயசு. பள்ளிக்கூடத்துல இயற்பியல் வாத்தியாரா இருந்தவர், நல்லா நடப்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி, நாலு மாடி ஏறினா மறுநாள் எழுந்திருக்க முடியாது. முட்டை கூடச் சாப்பிட மாட்டாங்க. பெரியவனுக்கு 9, சின்னவளுக்கு 3, தள்ளுவண்டி உண்டு. எனக்கும் மனைவிக்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுக்க உள்ளூர் ரயில்ல போற மாசப் பாஸ்) இருக்கு.

கோபுரமும் கோட்டைச் சுவரும்தான் அங்கே விசேஷம்னு படிச்சேன். ரெண்டுமே படி. அம்மாவை பெஞ்சுல உட்கார வச்சுட்டு நாங்க மட்டும் சுத்திப் பார்க்கிற மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கு. போனவங்க சொல்லுங்க.

ஃப்ராங்கன் வாசி:

நான் ரோதன்பர்க் கட்சி. அந்தச் சந்துகளும் மர வீடுகளும் வேற எங்கேயும் அப்படி அமையல. 1945 மார்ச் 31ல குண்டு விழுந்து பழைய ஊர்ல ஏறக்குறைய நாப்பது சதவீதம் அழிஞ்சது, திரும்பக் கட்டினாங்க. கோட்டைச் சுவர்ல நடந்தா, கட்ட நன்கொடை கொடுத்தவங்க பேர் பொறிச்ச கல் வரிசையா வரும், ஜப்பான்காரங்க பேர் கூட நிறைய இருக்கு. ஆனா மியூனிக்லேர்ந்து ரயில்ல போகணும்னா ரெண்டு மூணு இடத்துல மாறணும், கடைசியா ஸ்டைனாக்ல இறங்கி சின்ன வண்டி பிடிக்கணும். முழங்கால் வலியும் தள்ளுவண்டியும் இருக்கிறப்போ ஒரே நாள்ல போய்த் திரும்புறது கஷ்டம். ராத்திரி தங்க முடிஞ்சா மட்டும் போங்க.

லெஹ் ஆத்தங்கரை (ஆக்ஸ்பர்க்):

தம்பி, தயங்காம நோர்ட்லிங்கன் போங்க. ஒரே ஒரு வேண்டுகோள்: அன்னிக்கு அந்த ஒரு ஊர் மட்டும்தான்னு முடிவு பண்ணிட்டுப் போங்க. பக்கத்துல டிங்கல்ஸ்ப்யூல் இருக்கு, அதையும் ஒரு எட்டு பார்த்துடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. அங்கே வழக்கமான ரயிலும் கிடையாது, பஸ்தான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, 2019ல எங்க அப்பா வந்திருந்தப்போ நான் அந்தத் தப்பைப் பண்ணினேன். ஒரு பஸ் டூர். ஒரே நாள்ல ரோதன்பர்க், டிங்கல்ஸ்ப்யூல், நோர்ட்லிங்கன் மூணும். கடைசி ஊருக்குக் கிடைச்சது நாப்பது நிமிஷம், அதுல பாதி கழிப்பறை வரிசையிலயே போச்சு. அப்பா பொதுப்பணித்துறையில ஓவர்சியரா இருந்தவர். முப்பது வருஷம் கல்லும் ஜல்லியும்தான் அவர் உலகம். சாங்க்ட் கியோர்க் தேவாலயத்துச் சுவர் பக்கம் போனவர் அப்படியே நின்னுட்டார். உள்ளங்கையால தடவிப் பார்த்தார், விரல் முட்டியால தட்டிப் பார்த்தார். "இது சாதாரணக் கல் இல்லம்மா. உள்ளே கறுப்பு கறுப்பா கண்ணாடி உருகி உறைஞ்ச மாதிரி இருக்கு பாரு. இது நெருப்புல வெந்த கல்லு" ன்னார். நான் பதில் சொல்ல வாய் திறக்கிறதுக்குள்ள வழிகாட்டி கொடியைத் தூக்கிட்டார். பஸ்ஸுக்கு ஓடினோம். வண்டி கிளம்பின பிறகும் அப்பா தலையைத் திருப்பிக் கோபுரத்தைப் பார்த்துக்கிட்டே வந்தார். என்னால தாங்க முடியல.

மூணு வாரம் கழிச்சு, செப்டம்பர்ல, அப்பாவையும் என் பொண்ணையும் கார்ல ஏத்திக்கிட்டு மறுபடி போனேன். காலையில பத்து மணிக்குப் போய் இறங்கினவங்க ராத்திரி பத்து தாண்டித்தான் கிளம்பினோம். அதுக்கப்புறம் ரயில்லயும் பல தடவை போயிருக்கேன்.

அப்பா கை சொன்னது சரிதான். அந்தக் கல்லுக்குச் சுவேவிட்னு பேர். சுமார் 150 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு கிலோமீட்டருக்கும் மேல அகலமான விண்கல் ஒண்ணு இங்கே வந்து மோதிச்சு. கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர் அகலத்துக்குக் குழி விழுந்தது. அதைத்தான் ரீஸ்னு சொல்றாங்க. மோதின வேகத்துல பாறை உருகி, நொறுங்கி, எல்லாம் கலந்து படிஞ்சு இறுகினதுதான் அந்தச் சாம்பல் நிறக் கல். கறுப்பா தெரியறது உருகின பாறைக் கண்ணாடி. 1427ல வேலையை ஆரம்பிச்சு 1505 வரைக்கும் அந்தக் கல்லை வெட்டி வெட்டித் தேவாலயம் கட்டினவங்களுக்கு அது எங்கிருந்து வந்ததுன்னு தெரியாது. அதுக்கப்புறமும் ரொம்ப காலம் இதை எரிமலை வாய்னுதான் நினைச்சாங்க. 1960ல அமெரிக்காவிலிருந்து வந்த நிலவியலாளர் யூஜின் ஷூமேக்கர் பக்கத்துல ஓட்டிங்ங்கிற இடத்துக் கல்குவாரியில கல் எடுத்தார், எட்வர்ட் சாவோ அதைச் சோதிச்சுப் பார்த்தார். கோயசைட்னு ஒரு கனிமம் இருந்தது. சாதாரண மணல்ல இருக்கிற குவார்ட்ஸ் கோயசைட்டா மாறணும்னா எந்த எரிமலையாலும் கொடுக்க முடியாத அழுத்தம் வேணும். மேலேருந்து வந்து மோதினதுதான்னு அதோட முடிவாச்சு. உங்க அப்பா இயற்பியல் வாத்தியார்னு சொன்னீங்களே, ரயில்ல போறப்போ இந்த ஒண்ணை மட்டும் அவர்கிட்ட எடுத்துக் கொடுங்க. மீதியை அவரே பேரனுக்குச் சொல்லுவார்.

அந்தக் கல்லுல வைரம் இருக்குன்னு சொல்வாங்க, அது உண்மைதான். பாறையில இருந்த கிராஃபைட் (பென்சில்ல இருக்கிற கரி) அந்த அழுத்தத்துல வைரமா மாறி, கல்லுக்குள்ளே தூசி மாதிரி கிடக்கு. நுண்ணோக்கி வச்சுத்தான் பார்க்க முடியும். பெரியவன் சுவரைச் சுரண்டப் போறான், முன்னாடியே சொல்லி வைங்க. மென்மையான கல், காத்துலயும் மழையிலயும் அரிச்சு அரிச்சுப் போறதால பழுது பார்க்கிற வேலை ஓயறதே இல்லை.

ரீஸ்கிராட்டர் மியூசியத்துக்குக் குறைஞ்சது ஒண்ணரை மணி நேரம் ஒதுக்குங்க. ஐநூறு வருஷப் பழைய கிடங்குக் கட்டடத்துல 1990ல திறந்தது. திங்கள்கிழமை மூடியிருக்கும், உங்களுக்குச் சனிக்கிழமை, பிரச்சினை இல்லை. அப்போலோ 14ல நிலாவுக்குப் போற முன்னாடி, 1970 ஆகஸ்ட்ல ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும் இந்த ஊருக்கு வந்து மோதல்ல உண்டான கல்லை எப்படி அடையாளம் காணறதுன்னு கத்துக்கிட்டுப் போனாங்க. அந்த நன்றிக்கு நிலாவிலிருந்து அப்போலோ 16 கொண்டு வந்த கல் ஒண்ணு இங்கே கண்ணாடிக்குள்ள இருக்கு. எங்க அப்பா அதுக்கு முன்னாடி நின்னு நகரவே இல்லை. எழுதியிருந்த ஜெர்மனை நான் ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்லச் சொல்ல, தலையை ஆட்டிக்கிட்டே கேட்டார். இருபத்தஞ்சு வருஷமா ஜெர்மனியில இருந்து நான் கத்துக்கிட்ட ஜெர்மனுக்கு அன்னிக்கு ஒரு பலன் கிடைச்சதா நினைக்கிறேன்.

இப்போ உங்க அம்மா விஷயம். கோட்டைச் சுவர் 2.7 கிலோமீட்டர், ஊரை முழுசா வட்டம் போட்டு வரும். மேல கூரை போட்ட நடைபாதை. மழை பெஞ்சாலும் நனையாம சுத்தலாம், காசும் கிடையாது. அஞ்சு வாசல் இருக்கு, வாசல் பக்கத்துல படி. தள்ளுவண்டி ஏறாது. ஆனா அந்தப் பாதை ஊர்ப்பக்கம் திறந்துதான் இருக்கும், கீழே சுவரை ஒட்டின மாதிரியே தெரு போகுது. அப்பாவும் பேரனும் மேல நடக்கட்டும், அம்மாவும் குட்டியும் கீழ நடக்கட்டும், பேசிக்கிட்டே போகலாம். சுவர்ல ஒட்டவச்ச மாதிரி குட்டிக் குட்டி வீடுகள் வரும், ஜன்னல்ல பூந்தொட்டி இருக்கும். எங்க அம்மா இருந்திருந்தா அதைத்தான் அதிகம் ரசிச்சிருப்பாங்க. முழு வட்டமும் வேண்டாம், லோப்ஸிங்கர் வாசல்லேர்ந்து பால்டிங்கர் வாசல் வரைக்கும் போதும். அங்கேருந்து எகர் வாய்க்கால் ஓரமா தோல் பதனிடறவங்க இருந்த பழைய தெருவுக்குப் போயிடலாம். தோல் காயப்போட மேல்மாடத்தைத் திறந்தாப்பல விட்டுக் கட்டின வீடுகள் இன்னும் நிக்குது.

தேவாலயத்தோட கோபுரத்துக்கு டானியல்னு பேர், 90 மீட்டர், 350 படி, லிஃப்ட் இல்லை. முதல்ல சுழல் படி கல்லுல, அப்புறம் மரப்படி. அம்மாவும் மூணு வயசுக் குழந்தையும் வேண்டாம். நீங்களோ மனைவியோ ஒருத்தர் கீழ இருங்க, அப்பாவும் பையனும் நிச்சயம் ஏறணும். மேல போனாத்தான் விஷயமே புரியும். வட்டமான ஊர், சிவப்புக் கூரை. அதைச் சுத்தி வயல், வயலைச் சுத்தி அடிவானத்துல வளையமா மலைக்கோடு. அந்தக் கோடுதான் குழியோட விளிம்பு. நான் அப்பாவைக் கீழ விட்டுட்டுப் பொண்ணோட ஏறினேன். அவளுக்கு அப்போ பன்னெண்டு வயசு. இறங்கி வந்து தாத்தா உள்ளங்கையிலயே விரலால வட்டம் போட்டு ஊர் எங்கே, சுவர் எங்கே, விளிம்பு எங்கேன்னு காட்டினா.

அம்மா உட்காரணும்னா தேவாலயத்துக்குள்ளயே உட்காரலாம். குளிர்ச்சியா, அமைதியா இருக்கும். வெளியே ராட்ஹவுஸ் (நகர மன்றம்) கல் படிக்கட்டுக்கு அடியில ஒரு கோமாளி உருவம் செதுக்கியிருக்கும், "இப்போ நாம ரெண்டு பேர் ஆயிட்டோம்" னு எழுதியிருக்கும். அதாவது பார்க்கிறவரையும் சேர்த்து. பையனுக்குப் படிச்சுக் காட்டுங்க.

சாப்பாட்டைக் கையோட கொண்டு போங்க. கேஸ்ஷ்பெட்ஸ்லயில (சீஸ் போட்ட நூடுல்ஸ் மாதிரி) முட்டை உண்டு. ப்ரெட்ஸல் வாங்கினா பன்றிக்கொழுப்பு இல்லாததான்னு கேட்டுக்குங்க, "ஓனெ ஷ்மால்ட்ஸ்?" னு கேட்டாப் போதும். இந்தப் பக்கம் சில பேக்கரியில மாவுல சேர்க்கிறாங்க. கழிப்பறைக்கு 50 சென்ட் காசு நாலஞ்சு வச்சுக்குங்க. தெரு முழுக்க உருளைக்கல், அதனால மெத்துன்னு அடி வச்ச செருப்பு அம்மாவுக்கு.

இன்னொண்ணு, நீங்க பொழுது சாயறதுக்குள்ள திரும்பணும்னு சொல்றீங்க, இருந்தாலும் சொல்லிடறேன். ராத்திரி பத்து மணியிலேர்ந்து பன்னெண்டு மணி வரை, அரை மணிக்கு ஒரு தடவை கோபுரத்து மேலேருந்து காவலர் குரல் கொடுப்பார்: "ஸோ க்ஸெல், ஸோ!" ஏறக்குறைய "அப்படித்தான், தோழா" ன்னு அர்த்தம். 1440ல எதிரிகிட்ட காசு வாங்கிட்டு வாசல் காவல்காரன் கதவைத் தாழ் போடாம விட்டான், ஒரு பன்னி வந்து கதவுல முதுகைத் தேய்க்க, அது திறந்துக்கிச்சு, அதைப் பார்த்த ஒரு பொம்பளை கத்தின கத்தல்தான் அதுன்னு ஊர்க்கதை. அப்பாவும் நானும் இருட்டுல நின்னு கேட்டோம். அந்தத் தடவைதான் அப்பா கடைசியா இங்கே வந்தது. அதனாலதான் தம்பி, ஒரு நாளைக்கு ஒரு ஊர்னு இவ்வளவு சொல்றேன்.

தண்டவாளம்:

டிக்கெட் விஷயம் மட்டும். உங்க ரெண்டு பேருக்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட் போதும். அம்மா அப்பாவுக்கு ரெண்டு பேர் பேர்ல ஒரு பயர்ன் டிக்கெட் (பவேரியா மாநிலத்துக்குள்ள ஒரு நாள் டிக்கெட்) எடுங்க. பையனுக்கு 9 வயசு, உங்க டாய்ச்லாண்ட் டிக்கெட்ல அவனைச் சேர்த்துக் கூட்டிட்டுப் போக முடியாது. ஆனா பயர்ன் டிக்கெட்ல சொந்தப் பேரப்பிள்ளைக்குக் காசு கிடையாது, அவன் தாத்தா பாட்டியோட போறதா இருக்கட்டும். 6 வயசுக்குக் கீழ யாருக்கும் டிக்கெட் வேண்டாம். சனிக்கிழமைங்கிறதால காலை 9 மணிக்கு மேலதான் போகணும்ங்கிற கட்டுப்பாடு இல்லை, சீக்கிரமே கிளம்பலாம். டிக்கெட்ல ரெண்டு பேர் பேரும் இருக்கணும்.

ஆக்ஸ்பர்க் வழியா டோனவ்வோர்த், அங்கே மாறி நோர்ட்லிங்கன். மொத்தம் கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம். மாறின வண்டியில ஜன்னலோரம் உட்காருங்க, வழியில மலை மேல ஹார்பர்க் கோட்டை வரும். அதைத் தாண்டினதும் மலையெல்லாம் விலகி பூமி தட்டையாயிடும். குழிக்குள்ள வந்துட்டீங்கன்னு அர்த்தம். ஸ்டேஷன்லேர்ந்து டைனிங்கர் வாசலுக்குப் பத்து நிமிஷ நடை. ஸ்டேஷன் பக்கத்துலயே நீராவி எஞ்சின் மியூசியம் ஒண்ணும் இருக்கு, ஆனா லெஹ் ஆத்தங்கரை அக்கா சொன்ன மாதிரி எல்லாத்தையும் ஒரே நாள்ல திணிக்க வேண்டாம்.

இசார்கரை:

அக்கா, படிச்சுட்டு அப்படியே அப்பாவுக்கும் வாசிச்சுக் காட்டினேன். கோயசைட் வந்த இடத்துல நிறுத்தச் சொல்லி, காகிதத்துல படம் போட ஆரம்பிச்சுட்டார். தண்டவாளம், பேரன் டிக்கெட் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, நன்றி. சனிக்கிழமை போயிட்டு வந்து எழுதறேன்.

இசார்கரை (அடுத்த ஞாயிறு):

போயிட்டு வந்துட்டோம். ஹார்பர்க் தாண்டினதும் அப்பா எழுந்து நின்னுட்டார். ரெண்டு பக்க ஜன்னலையும் மாத்தி மாத்திப் பார்த்தார். எங்க பெட்டியில இருந்த ஒரு பெரியவர் எதையோ புரிஞ்சுக்கிட்டு, தூரத்துல வளையமா தெரிஞ்ச மலை வரிசையை விரலால சுத்திக் காட்டினார். மொழி தேவைப்படல.

சுவர் நடை நீங்க சொன்னபடியே அமைஞ்சது அக்கா. பையன் மேலேருந்து கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு "பாட்டி, இங்கே அம்பு விடற ஓட்டை இருக்கு" ன்னு கத்த, அம்மா கீழேருந்து "தாத்தா கையை விட்டுடாதே" ன்னு கத்த, அந்தத் தெருவுல ஜன்னலுக்குப் பூ வைக்கிற ஒரு அம்மா சிரிச்சுக்கிட்டே எங்க அம்மாவுக்கு வணக்கம் சொன்னாங்க. அம்மா ஒரு வாசல்லேர்ந்து அடுத்த வாசல் வரைக்கும் தானே தள்ளுவண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. வாய்க்கால் ஓரம் புளிசாதம் சாப்பிட்டோம்.

மியூசியத்துல பையன் கேட்டான்: இவ்வளவு பெரிய குழியில தண்ணி நிக்கலையான்னு. நின்னதாம். ரொம்ப ரொம்ப காலம் ஏரியா இருந்து, சேறு படிஞ்சு படிஞ்சு தூர்ந்து போச்சாம். அம்மா உடனே, "அதான் வயல் இப்படி விளையுது, ஏரிவண்டல்" னாங்க. அப்பா அரை நிமிஷம் அம்மாவையே பார்த்துட்டு "அது சரி" ன்னார். நாப்பத்தஞ்சு வருஷத்துல அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

கோபுரம் ஏறினது அப்பா, பையன், மனைவி. நான் கீழ அம்மாவோட தேவாலயத்துல உட்கார்ந்திருந்தேன். அம்மா வெளியே வந்து சுவர்ல கை வச்சுப் பார்த்தாங்க, உங்க அப்பா வச்ச மாதிரி.

இப்போ ஒரே குறை. அந்த ராத்திரிக் குரலைக் கேக்காம ஊருக்குப் போகமாட்டேன்னு அப்பா சொல்றார். அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி அங்கேயே தங்க ரூம் போட்டிருக்கேன். எங்கே நின்னா நல்லாக் கேக்கும்?

லெஹ் ஆத்தங்கரை:

தேவாலயத்துக்குப் பக்கத்துலயே நிக்காதீங்க தம்பி, சந்தைச் சதுக்கத்துல கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பத்து மணி அடிக்கிறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே போயிடுங்க. குரல் மேலேருந்து மெல்லிசாத்தான் வரும், குழந்தை தூங்கிட்டா இன்னும் நல்லது. அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை எடுத்துக்குங்க. முதல் தடவை பேச்சுச் சத்தத்துல தவறிப்போச்சுன்னா கவலைப்படாதீங்க, பத்தரைக்கு மறுபடி கூப்பிடுவார்.